பாதி வேலையில் நிற்கும் ஹெரால்டு: எந்தக் கணக்கில் விலை போடுவது?

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சென்னையில் பிறந்த கார். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்தது. இத்தாலியக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடல், 948 சிசி இன்ஜின், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்னால் கவிழும் பானட். இன்று இதைத் தேடி வாங்கிப் புதுப்பிக்க ஆரம்பிப்பவர்கள் பலர், முடிப்பவர்கள் சிலர். நடுவில் விற்க வேண்டி வந்தால் விலை போட மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரே காருக்கு மூன்றும் மூன்று தொகை காட்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். (எண்கள் விளக்கத்துக்காக மட்டும், இதைச் சந்தை நிலவரம் என்று நினைத்துப் பேரம் பேசப் போய்விட வேண்டாம்.) காரை 1 லட்சத்துக்கு வாங்கி, டிங்கரிங், இன்ஜின், சாமான்கள் என்று 4.5 லட்சம் செலவாகியிருக்கிறது. பெயிண்ட், குரோம், சீட், ஒயரிங் பாக்கி. எல்லாம் முடிந்த இதே தரத்து ஹெரால்டு 6 லட்சத்துக்குப் போகும் என்று வைப்போம்.

முதல் வழி, பில்களைக் கூட்டுவது. கூட்டினால் 5.5 லட்சம். காரின் சொந்தக்காரருக்கு இதுதான் நியாயமாகத் தோன்றும். வாங்குகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் பக்கம் காரணமும் இருக்கிறது. ஒரே வேலையை இரண்டு முறை செய்த கூலி, தவறாக வாங்கிய பாகம், மெக்கானிக் மாறியதால் வீணான பணம், இத்தனையும் அந்த பில் கட்டில்தான் இருக்கும். பில் எவ்வளவு செலவானது என்று சொல்லும், காரில் எவ்வளவு தங்கியது என்று சொல்லாது.

ஆனால் ஓர் இடத்தில் பில்தான் ராஜா: இன்ஷூரன்ஸ். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்குத் தேய்மான அட்டவணை கிடையாது, ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, எவ்வளவு என்பதைக் கம்பெனியும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பில்லும், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த போட்டோவும், மதிப்பீட்டாளர் அறிக்கையும் இல்லாமல் அந்தப் பேச்சில் நிற்க முடியாது.

இரண்டாவது வழி பின்னாலிருந்து கழிப்பது. முடிந்த காரின் விலை 6 லட்சம். பாக்கி வேலைக்குப் பட்டறையில் சொன்ன தொகை 2.4 லட்சம். பட்டறைக்காரர் சொன்ன தொகைக்குள் பழைய கார் வேலை முடிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பெயிண்டைச் சுரண்டினால்தான் அடியில் பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டி எத்தனை விரல் தடிமனுக்கு இருக்கிறது என்று தெரியும். அதனால் கால் பங்கு கூட்டி 3 லட்சம் என்று வைக்கலாம். வாங்குபவர் படப்போகும் அலைச்சலுக்கு இன்னொரு 50,000. மிஞ்சுவது 2.5 லட்சம்.

5.5 எங்கே, 2.5 எங்கே! ஆனாலும் வாங்குபவர் கொடுக்கிற விலை இந்தப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். இந்தக் கணக்கின் பலவீனம் அந்த 6 லட்சம். விளம்பரத்தில் கேட்கிற விலையை அங்கே போட்டால் எல்லாம் கெட்டுவிடும். கைமாறிய விலை வேண்டும். அதுவும் ஹெரால்டுக்குத்தான் வேண்டும், அம்பாசடருக்கு அல்ல. 2014 வரை தயாரான அம்பாசடருக்குச் சாமான் தட்டுப்பாடு குறைவு, அதன் கணக்கே வேறு.

கழிக்கிற தொகையில்தான் ஹெரால்டு தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம். இந்த காருக்கு உடலிலிருந்து தனியான சேஸி, அதாவது அடிச்சட்டம். உடலைத் தாங்க அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகள் துருப்பிடிக்கும். அதைச் சரிசெய்து, உடலை ஏற்றும் முன் போட்டோ எடுத்து வைத்திருந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் விலையில் திரும்ப வரும். இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட்டிருந்தால் லேத் பட்டறை அளவுச் சீட்டு கூட இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மேலே பளபளப்பாகப் பெயிண்ட் மட்டும் அடித்திருந்தால், விவரம் தெரிந்தவர் அதைச் செலவாகவே கழிப்பார். மறுபடி சுரண்ட வேண்டுமே.

காணாமல் போன பாகங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இன்ஜின், பிரேக் சாமான்கள் பல டிரையம்ஃபுக்கும் பொது என்பதால் இங்கிலாந்திலிருந்து சுங்க வரி கட்டித் தருவிக்கலாம். நான்கு கதவு மாடல் இந்தியாவில் மட்டும் வந்தது. அதன் பின் கதவும் கண்ணாடியும் தொலைந்திருந்தால் இன்னொரு காரை உடைத்தால்தான் உண்டு. அங்கே தாராளமாகக் கழிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது வழி பிரித்து விற்பது. கியர்பாக்ஸ், கதவுகள், கண்ணாடி, மீட்டர் என்று தனித்தனியாகப் போட்டு, மிச்சத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டால் ஒன்றே கால் லட்சம் தேறலாம். இதைக் குறைந்தபட்ச விலையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கழித்தல் கணக்கு இதற்குக் கீழே போனால் அந்த காரை முடிப்பதில் பண லாபம் இல்லை. தாத்தா ஓட்டிய கார் என்றால் வேறு பேச்சு.

மூன்று கணக்கையும் அசைத்துவிடக் கூடியது ஆர்.சி. புத்தகம். 2021இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய காரை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். நிபந்தனை, சேஸியிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது. வேறு இன்ஜின் மாட்டிய ஹெரால்டுக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும் என்று நம்பாமல் விலை பேசுவதே பாதுகாப்பு. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரும் இன்ஜினில் குத்தியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள், பில் கட்டை அப்புறம் பிரிக்கலாம்.

நான் கழித்தல் கணக்கின் பக்கம். விற்பவராக இருந்து கையில் கொஞ்சம் பணம் மட்டும் இருந்தால் பெயிண்டில் போடாதீர்கள். இன்ஜினைக் கிளப்பிக் காட்டுங்கள், கதவுகளையும் பானட்டையும் மாட்டி இடைவெளி சரியாக வருகிறது என்று காட்டுங்கள். வாங்குபவர் பயந்து கூட்டிய அந்தக் கால் பங்கில் பாதியாவது அங்கேயே குறையும்.