உடம்பு எண்ணெயைத் தலைக்கு என்று விற்றார்கள், என் நாலு நாள் சம்பளம் போச்சு

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, காதுக்குப் பின்னால் இன்னும் எரிகிறது, அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மசாஜ் ஆயில், பாடி ஆயில் எல்லாவற்றையும் "முடிக்கும் தடவலாம்" என்று சொல்லி ஆன்லைனில் விற்கிறார்களே, அதை நம்பி நாலு நாள் சம்பளத்தை விட்டிருக்கிறேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கடையின் பெயர் வேண்டாம். பாதிப் பேர் ஃபோனில் வைத்திருக்கும் வகையான ஒரு ஷாப்பிங் ஆப், அதற்குள் கடை விரித்திருக்கும் ஒரு விற்பனையாளர், அவ்வளவு போதும். என் முடி நுனியெல்லாம் வறண்டு வைக்கோல் மாதிரி ஆகியிருந்தது. தேடினால் இது வந்தது. மசாஜ் ஆயில், உடல், முகம், முடி மூன்றுக்கும் ஒன்றே, மூன்று பாட்டில் சேர்த்து வாங்கினால்தான் முழுப் பலன். படத்தில் பாதாம் பருப்பு குவியலாகக் கொட்டிக் கிடக்கிறது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அக்கா அப்போதே சொன்னாள், "உடம்புக்குப் போடுறத எதுக்குடி தலையில போடுற?" என்று. சரி, கேட்டுவிடுவோம் என்று விற்பனையாளருக்குக் கேள்வி அனுப்பினேன்: "முடியின் வேரில், தலைத்தோலில் நேராகத் தடவலாமா? எனக்குக் கொஞ்சம் சென்சிடிவ் ஸ்கின்." இரண்டே நிமிடத்தில் பதில். "தாராளமா தடவலாம் மேடம், நானே ரெண்டு வருஷமா தடவுறேன்."

இந்த "நானே" என்ற ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். சான்றிதழ் காட்டியிருந்தால்கூட சந்தேகப்பட்டிருப்பேன். யாரோ ஒரு பெண் தன் தலையில் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று தோன்றியது, உடனே பணத்தைக் கட்டிவிட்டேன். (எல்லாம் முடிந்த பிறகு அதே பக்கத்தில் கீழே போய்ப் பார்த்தேன். முகத்துக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், "நானே ரெண்டு வருஷமா". கைக்குழந்தைக்குத் தேய்க்கலாமா என்று இன்னொருவர், அதற்கும் "நானே ரெண்டு வருஷமா". கைக்குழந்தை எழுதிய பதில் போல.)

முதல் நாள் தடவியதும் முடி பளபள என்று இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கண்ணாடி முன் நின்று நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் ஷாம்பூ போட்டேன், போகவில்லை. இன்னொரு தடவை போட்டேன், மூன்றாவது தடவையும் போட்டேன், விரலால் இழுத்தால் மெழுகு பூசிய நூல் மாதிரி வழுக்குகிறது. தலையணை உறையில் மஞ்சள் வட்டம். அப்படியும் புத்தி வராமல் அடுத்தடுத்த நாளில் இரண்டாவது முறை, மூன்றாவது முறை. மூன்றாவது முறைதான் தலை எரிய ஆரம்பித்தது. முதலில் ஜில்லென்று இருந்தது, அதைச் சுகம் என்று நினைத்துக்கொண்டேன், பத்து நிமிடத்தில் எரிச்சல், காலையில் நெற்றியில் முடி தொடங்கும் கோடு முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு, காதுக்குப் பின்னால் சிவந்து தோல் உரிகிறது.

அப்போதுதான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்பக்க ஸ்டிக்கரின் ஓரம் எண்ணெய் பட்டு லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், முழுசாக உரிந்து வந்துவிட்டது. அடியில் இன்னொரு லேபிள்! "உடல் மசாஜுக்கு மட்டும். தலையிலும் கண்ணருகிலும் பயன்படுத்த வேண்டாம்." தயாரித்தவர்கள் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள், விற்றவன் அதன் மேல் "ஹேர் அண்ட் பாடி" என்று ஒட்டி மறைத்திருக்கிறான். கை நடுங்கியது எனக்கு.

பின்பக்கம் எறும்பு எழுத்தில் சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அதுதான் முதலில் வரும், ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். முதல் பெயர் லிக்விட் பாரஃபின், அதாவது மினரல் ஆயில். இரண்டாவது ஐசோபுரோபைல் மிரிஸ்டேட், தோலின் துளைகளை அடைக்கும் என்று பெயர் வாங்கியது. அப்புறம் மென்தால், கற்பூரம், வாசனை. படத்தில் குவிந்து கிடந்த பாதாம் கடைசிக்கு முந்தினது, ஏதோ பெயருக்கு. மினரல் ஆயில் விஷம் கிடையாது, அதன் வேலையே வேறு. மசாஜ் எண்ணெய் என்றால் கை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், சீக்கிரம் உள்ளே இறங்காமல் தோலின் மேலேயே நிற்க வேண்டும். அந்த நல்ல குணம்தான் தலையில் வந்தால் தொல்லை, முடிக்குள் போகாது, மேலே படிந்து பளபளப்புக் காட்டும், கழுவினாலும் லேசில் போகாது. 2003இல் வந்த ஓர் ஆய்வில் மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் முடியில் பூசிப் பார்த்தார்கள், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதுவும் முடி இழைக்குள் போவதால். இதையெல்லாம் நாலு நாள் சம்பளத்தைக் கொட்டிய பிறகு தெரிந்துகொள்கிறேன்!

தோல் டாக்டர் பார்த்த உடனே கேட்டார், "தலையில என்ன புதுசா போட்டீங்க?" வாசனைப் பொருளோ மென்தாலோ ஒத்துக்கொள்ளாமல் வந்த அழற்சி, நெற்றியில் எண்ணெய் அடைத்து வந்த பரு என்றார். நிறுத்தினால் சரியாகிவிடும், ஆனால் இந்த மாதிரி அழற்சிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூட முடி கொஞ்சம் கூடுதலாக உதிரலாம், பயப்படாதீர்கள் என்று வேறு சொன்னார். டாக்டர் ஃபீஸ், மருந்து எல்லாம் தனிக் கணக்கு, அதை அந்த நாலு நாள் சம்பளத்தில் சேர்க்கவே இல்லை.

இனி அவர்கள் விட்ட கதை. விற்பனையாளருக்குப் படத்தோடு அனுப்பினேன். "அது டீடாக்ஸ் மேடம், உள்ளே இருக்கிற கெட்டது வெளியே வருது, இன்னும் மூணு வாரம் விடாம தடவுங்க." எரிகிற தலையில் மூன்று வாரம்! ஸ்டிக்கர் படத்தை அனுப்பினேன், அத்தோடு பதிலே இல்லை. ஆப்பின் கஸ்டமர் கேருக்குப் போனேன். விற்பனையாளரைக் கேளுங்கள் என்றார்கள். அவர் பேசவில்லை என்றேன், 48 மணி நேரம் பொறுங்கள். பொறுத்தேன். திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம். திறக்காமல் எரியுமா என்று எப்படித் தெரியும் என்றேன். சரி, திறக்காத இரண்டு பாட்டிலையாவது எடுங்கள் என்றால், திருப்பித் தரும் ஏழு நாள் முடிந்துவிட்டதாம். அந்த ஏழு நாளில் இரண்டு நாள் அவர்கள் பொறுக்கச் சொன்ன 48 மணி நேரம். மூன்றாவதாகப் பேசிய பையன் பாவம், நல்லவன், "மேடம், நோட் பண்ணிக்கிறேன்" என்றான். எங்கே நோட் பண்ணினானோ, மறுநாள் புகார் "தீர்க்கப்பட்டது" என்று காட்டுகிறது. யாருக்குத் தீர்ந்தது? நாலு நாள் சம்பளம் அவர்களிடம், எரிச்சல் என்னிடம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன் இல்லையா, தலை அரிக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள், திறக்கும் முன்பே படமும் எடுத்து வையுங்கள். சேர்மானத்தில் முதல் மூன்று பெயரைப் படியுங்கள், முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். மென்தால், கற்பூரம் இருக்கும் வலி எண்ணெய் எதையும் தலையில் வைக்காதீர்கள், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். எதுவானாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். ஏற்கெனவே தடவி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ந்த முடியில் கண்டிஷனர் தேய்த்து, அதன் மேல் ஷாம்பூ, அதற்கப்புறம் தண்ணீர். எனக்கு அப்படித்தான் ஒருவழியாகப் போனது. விற்பவர் "நானே தடவுறேன்" என்றால் பக்கத்துக் கேள்விகளுக்கு என்ன பதில் போட்டிருக்கிறார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

திறக்காத இரண்டு பாட்டிலும் அலமாரியில்தான் இருக்கின்றன. அக்கா பார்த்துவிட்டு, "கதவு கீல் கிறீச்சுங்குதே, அதுக்கு ஊத்து" என்கிறாள். புகாரை மறுபடி திறக்கச் சொல்லி இன்று காலை எழுதியிருக்கிறேன், 48 மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.