முதல் வெப்சைட்டுக்கு ஜாங்கோவா, லாரவேலா?

ஜாங்கோ பைத்தான் மொழியிலும் லாரவேல் பிஎச்பி மொழியிலும் வெப்சைட் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்குகள், அதாவது அடிப்படை வேலைகள் பலவும் தயாராக இருக்கும் சட்டகங்கள். எதை எடுப்பது என்று வெப் டெவலப்மென்ட் பக்கம் புதிதாக வருகிறவர்கள் யோசிக்கும்போது முதலில் கேட்பது "எது வேகம்?" என்றுதான். தினம் சில ஆயிரம் பேர் வந்துபோகும் தளத்துக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. தளம் திணறினால் பெரும்பாலும் டேட்டாபேஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும்: 100 புத்தகங்களைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயருக்கும் தனியாக ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போய், பட்டியலுக்கான ஒன்றையும் சேர்த்து மொத்தம் 101 ஆகியிருக்கும், அதை பைத்தானும் காப்பாற்றாது, பிஎச்பியும் காப்பாற்றாது.

தளத்துக்குள் தினமும் உட்கார்ந்து விவரம் ஏற்றப்போவது யார்? இதைக் கேளுங்கள்.

ஜாங்கோ அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-ல் வெளியே வந்தது. புரோகிராம் தெரியாதவர்களும் புழங்க வேண்டும் என்ற அந்த அக்கறை அதன் அட்மின் பக்கத்தில், அதாவது விவரங்களை ஏற்றித் திருத்தும் உள்பக்கத்தில், இன்றும் தெரிகிறது. ஒரு சிறிய பதிப்பகத்துக்கு நூல் பட்டியல் செய்தபோது தலைப்பு, ஆசிரியர், விலை, இருப்பு என்று மாடலில் (என்னென்ன விவரம் சேமிக்க வேண்டும் என்று சொல்லும் கோடு) நாலு வரி எழுதி, அதை டேட்டாபேஸில் அட்டவணையாக்கும் மைக்ரேஷனை ஓட்டி, அட்மினில் ரெஜிஸ்டர் செய்ததுதான் நான் செய்த வேலை. அன்று மாலையே அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா உள்ளே போய் விலைகளைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். தேட முடியவில்லையே என்றார், ஒரு வரி சேர்த்தேன், தேடல் பெட்டி வந்துவிட்டது. லாரவேலில் இந்த அட்மின் பக்கம் கூடவே வராது. அதற்கு நோவா என்ற அட்மின் பேக்கேஜைக் காசு கொடுத்து வாங்கலாம், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் ஃபிலமென்ட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்கும் இடம்) என்று வந்தால் லாரவேல் கை ஓங்கும். சீபேனல் என்ற நிர்வாகப் பக்கத்தோடு வரும், பலர் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பி ஏற்கெனவே இருக்கும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: டொமைன் லாரவேலின் பப்ளிக் ஃபோல்டரை மட்டுமே காட்ட வேண்டும், மொத்த புராஜெக்டையும் வெளியே கொட்டிவிட்டால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் .env ஃபைலை யார் வேண்டுமானாலும் பிரவுசரில் திறந்து படிக்கலாம். ஜாங்கோவுக்குப் பெரும்பாலும் தனி சர்வர் எடுத்து, பைத்தான் கோடை ஓட்டும் கூனிகார்ன், வருகிறவர்களின் கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்பும் எஞ்சின்எக்ஸ் எல்லாம் நாமே அமைக்க வேண்டும், தளத்தை வெளியிடும்போது டீபக்கை (பிழை விவரம் காட்டும் சோதனை நிலை) அணைத்ததும் பக்கத்துக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ் காணாமல் போய் முதல் முறை எல்லோரும் பதறுவார்கள். பின்னணியில் மெயில் அனுப்ப லாரவேலில் கியூ (வேலைகளை வரிசையில் போட்டுப் பிறகு முடிக்கும் வசதி) கூடவே வருகிறது, ஜாங்கோக்காரர்கள் வழக்கமாக செலரி என்ற தனி பேக்கேஜைத் தேடிப் போவார்கள்.

அதனால் பட்டியல், இருப்பு, பதிவு என்று விவரம் குவியும் வேலைக்கு நான் ஜாங்கோவைத்தான் எடுப்பேன், வாடிக்கையாளர் ஷேர்டு ஹோஸ்டிங்கை வாங்கிவிட்டு வந்து நின்றால் யோசிக்காமல் லாரவேல்.

அப்புறம் சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட், அதன் மேல் இயங்கும் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸ். லைவ் சாட் மாதிரி வேலைக்கு அருமையானது, உலாவியிலும் சர்வரிலும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட். ஆனால் எக்ஸ்பிரஸ் தருவது ரவுட்டிங்கும் (எந்த முகவரிக்கு எந்தக் கோடு என்று சொல்வது) மிடில்வேரும்தான் (கோரிக்கைக்கும் பதிலுக்கும் நடுவில் ஓடும் கோடு), லாகின், ஃபார்ம் சரிபார்ப்பு, டேட்டாபேஸ் எல்லாவற்றுக்கும் பேக்கேஜை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், முதல் தளம் கட்டுகிறவருக்கு அந்தத் தேர்விலேயே இரண்டு வாரம் போய்விடும்.