மாடல் விமானத்துக்கு ஸ்டிக்கர்: எந்த வினைல், ஈரமா உலர்வா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத் திடலில் ஞாயிறு காலை 7 மணிக்கெல்லாம் ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்கள் நாலைந்து வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பறக்கவிட வேண்டும், மத்தியானம் மழை நிச்சயம். செம்பனை மரங்களைத் தாண்டி விமானம் சிறுத்துப் போகும்போது, அது நம்மைப் பார்த்து வருகிறதா, விலகிப் போகிறதா, மல்லாந்து கிடக்கிறதா என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். அதற்குத்தான் இறக்கையின் அடியில் அகலமான கறுப்புப் பட்டைகள், மேலே வேறொரு நிறம். எனக்கு ஸ்டிக்கர் அழகுக்காக மட்டும் இல்லை. அது ஒட்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு நம்பர் வெட்டித் தரும் கடையில்தான் நாங்கள் எல்லாரும் தொடங்கினோம். கடைப் பையன் முதலில், "அண்ணே, வண்டிக்கு ஒட்டுறதுதானே, பிளேனுக்கு ஒட்டாதா?" என்றான். ஒட்டும். எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி.

வினைல் என்பது பின்னால் பசை உள்ள பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் கேலண்டர்டு வினைல். பிவிசி பிளாஸ்டிக்கைச் சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துத் தகடாக்குகிறார்கள். இழுபட்ட பொருள் என்பதால் வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் வினைல் வேறு வகை. திரவமாக ஊற்றி, சூட்டில் உலர வைத்து எடுப்பது. அதற்குள் இழுவிசை கிடையாது, பெரும்பாலும் மெல்லியதாகவும் இருக்கும், வளைவில் சொன்னபடி படியும்.

தட்டையான இறக்கைக்கும் உடலின் பக்கவாட்டுக்கும் கேலண்டர்டு போதும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பயிற்சி விமானத்தின் இறக்கைப் பட்டைகள் அதுதான், இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதே சுருளில் மிச்சமிருந்ததை இன்ஜின் மூடியின் மூக்கு வளைவில் ஹேர் டிரையரால் சூடாக்கி இழுத்து ஒட்டினேன். அன்றைக்குப் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டே வாரத்தில் விளிம்பெல்லாம் உள்வாங்கி, ஓரத்தில் பசைக்கோடு தெரிந்தது, அதில் செம்மண் தூசி பிடித்துக்கொண்டது. இரு திசையிலும் வளையும் இடம் என்றால், அதாவது மூக்கு, இறக்கை நுனி, சக்கர மூடி போன்றவற்றுக்கு, விலை கூடினாலும் காஸ்ட் வாங்குங்கள். கொஞ்சம்தானே வேண்டும்.

அடுத்து ஈரமா, உலர்வா. இதில்தான் எங்கள் திடலில் பெரிய வாக்குவாதம். ஈர முறையில் அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு மூன்று சொட்டு விட்டு, மேற்பரப்பில் தெளித்து, ஸ்டிக்கரை வைத்து, நகர்த்திச் சரிபார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி எடுப்பது. காலாவதியான டச் அன் கோ டோல் அட்டையில் மெல்லிய துணி சுற்றினால் அருமையான தேய்ப்பான். பால்சா மரத்தில் சூட்டால் சுருங்கும் ஃபிலிம் போர்த்திய விமானத்துக்கு நான் எப்போதும் ஈர முறைதான். பெரிய பட்டை ஒரு மில்லிமீட்டர் கோணல் என்றாலும் நகர்த்த முடிகிறது, அது போதும் எனக்கு. பொறுமை மட்டும் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பசை சீக்கிரம் பிடிக்காது. வெட்டிய ஸ்டிக்கரைக் கலையாமல் பிடித்திருக்கும் மேல் டேப்பை அவசரப்பட்டு உரித்தால் ஸ்டிக்கரும் கூடவே வரும். நான் ஒரு ராத்திரி விட்டுவிடுகிறேன்.

ஈபிஓ எனும் மணி மணியான ஃபோமில் செய்த விமானத்துக்கு இது சரிப்படாது. ஃபோம் மணிகளுக்கு இடையே உள்ள குழிகளில் தண்ணீர் தங்கிவிடும். அங்கே உலர் முறை. ஸ்டிக்கரின் நடுவே குறுக்காக ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதியின் பின்தாளை உரித்து ஒட்டி, பிறகு மறுபாதி. கையை எடுத்தபின் திருத்த முடியாது. ஃபோமில் கறுப்பு வினைலை விரிந்த பரப்பில் ஒட்டுவதையும் தவிர்ப்பேன். வெயிலில் சூடேறி, உள்ளே அடைபட்ட காற்று விரிந்து கொப்புளம் கிளம்பும்.

ஃபிலிம் போர்த்தியவர்களுக்கு ஒன்று: ஃபிலிமைச் சூடாக்கிக் கடைசியாக இறுக்கி முடித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மேலே வினைல் இருக்கும்போது கீழே ஃபிலிமை இறுக்கினால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, அதில் விழும் மடிப்பை எடுக்கவே முடியாது.

வினைல் தோற்கும் இடம் ஒன்று உண்டு. என் அண்ணன் மகன் அவனுடைய விமானத்தின் வாலில் மலேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் வேண்டும் என்றான். 14 கோடுகள், 14 முனை நட்சத்திரம், பிறை. கொடியின் உயரம் 5 செண்டிமீட்டர் என்றால் ஒரு கோடு மூன்றரை மில்லிமீட்டர்தான். அதை நிறம் நிறமாக வெட்டி அடுக்கினால் நட்சத்திரத்தின் கூர்முனைகள்தான் முதலில் தூக்கும். இங்கே டீகால்தான் சரி, அதாவது தாளில் அச்சடித்து, நீரில் ஊறவைத்து நழுவவிடும் மெல்லிய படலம். வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை இல்லை, அதனால் வெள்ளை டீகால் தாளில் அச்சடித்து விளிம்போடு வெட்ட வேண்டும். இங்க்ஜெட் அச்சென்றால் தண்ணீரில் போடும் முன்பே வார்னிஷ் தெளித்து நன்றாகக் காயவிடுங்கள், இல்லையென்றால் மை கரைந்துவிடும். மெத்தனால் எரிபொருளில் ஓடும் நைட்ரோ இன்ஜின் வைத்திருப்பவர்கள் ஒட்டிய பின்னும் எரிபொருள் தாங்கும் நிறமற்ற பூச்சு பூச வேண்டும். மெத்தனாலும் எண்ணெயும் படும் இடத்தில் வெறும் டீகால் நிற்காது.

வினைலையே ஸ்டென்சிலாக வெட்டி ஒட்டிப் பெயிண்ட் அடித்து, பிறகு அதை உரித்துவிடுவதும் உண்டு. விளிம்பே தூக்காது, எடையும் குறைவு, ஆனால் தப்பானால் திருத்துவது பெரும்பாடு. போர் விமான மாடல் செய்பவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் வருத்தம். பசையோடு சேர்த்து வினைல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம். ஒன்றரை மீட்டர் நீளம், 25 செண்டிமீட்டர் அகலம் உள்ள இறக்கையின் மேற்பக்கம் முழுக்க ஒட்டினால் 38 கிராம் போலக் கூடுகிறது. வாலில் 5 கிராம் ஏற்றினால், நெம்புகோல் கணக்கில் மூக்கில் 10, 15 கிராம் ஈயம் வைத்துத்தான் ஈர்ப்பு மையத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அதனால் அண்ணன் மகனுடைய விமானத்தின் வாலில் டீகால் கொடி மட்டும், அடி இறக்கையில் நான்கு கறுப்புப் பட்டைகள் கேலண்டர்டு, இறக்கை நுனிச் சிவப்பு காஸ்ட். பட்டைகளை நேற்று ராத்திரி ஈரத்தில் வைத்தோம். மேல் டேப்பை இன்னும் உரிக்கவில்லை.