காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: பெரிய எண்ணைப் பகுக்குமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லூரிக் கணக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் கணிப்பான் (கால்குலேட்டர்) கருவிதான். பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பிய 4294967297-ஐ அடித்து, சமக்குறி, ஷிஃப்ட், பகாக் காரணிகளாகப் பிரிக்கும் ஃபேக்ட் அழுத்துங்கள். 641 × (6700417) வரும். 641 ஒரு காரணி என்று கணித அறிஞர் ஆய்லர் 1732இல் காட்டினார்.

அந்த அடைப்புக்குறியில்தான் வில்லங்கம். மூன்று இலக்கம் வரையுள்ள பகாக் காரணிகளையே கருவி தேடும். மிச்சத்தை அப்படியே அடைத்துவிடும். 6700417 உண்மையில் பகா எண். ஆனால் 4104676 கொடுத்தால் வரும் 2² × (1026169) என்பதில் அடைப்புக்குள் இருப்பது பகு எண், 1013-இன் வர்க்கம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்! தேர்வுத்தாளில் அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும்.

பத்து இலக்கம்தான் எல்லை. 2^64+1 இருபது இலக்கம்; அதற்கு இலவச மென்பொருள் பாரி/ஜிபி போதும். 274177 × 67280421310721 என்று நொடியில் தந்துவிடும்.

பள்ளிக்கூடத்துக்குத் தாராளமாக வாங்கலாம். எண்கோட்பாட்டுக்கு மட்டும் என்றால் காசு வீண்.