மொய் நோட்டில் எது நிற்கும்: இங்க் பேனாவா, பால் பாயிண்டா, ஜெல்லா, பென்சிலா?

மொய் எழுத இங்க் பேனாவோடு உட்கார்ந்தது என் தப்புதான். தேவகோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பையன் உற்சாகத்தில் என் மேசைப் பக்கமும் செம்பை ஒரு ஆட்டு ஆட்டினான். ஊர், பேர், தொகை என்று வரிசையாக எழுதி வைத்திருந்த பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் நீலமாகக் கரைந்து போனார்கள். பக்கத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்த மாமா குனிந்து பார்த்தார். "இது ஐநூறா, ஐயாயிரமா தம்பி?" என்றார். அப்புறம், "பத்து ரூபாய்க்குக் கடையில பேனாவே கிடைக்கலையா?" என்றும் கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால் காரைக்குடிக்குத் திரும்பியதும் வீட்டில் இருக்கிற எழுதுகோல்களை எல்லாம் மேசையில் பரப்பி, மூன்று வகைக் காகிதத்தில் ஒரே வரியை எழுதிப் பார்த்தேன். ஐயாவின் பழைய பேரேட்டில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்கள், செக்காலை ரோட்டில் வாங்கிய லாங் சைஸ் நோட்டு, பிரிண்டருக்காக வைத்திருக்கும் காப்பியர் தாள். எழுதி முடித்த பத்தாவது நிமிஷம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர்.

முதலில் தெரிந்த விஷயம், பாதிப் பழி பேனா மேல் இல்லை, தாள் மேல். வேட்டிக்குக் கஞ்சி போடுவது போலக் காகிதத்துக்கும் ஆலையில் ஸ்டார்ச் பூசுவார்கள். அந்தக் கஞ்சி இருந்தால் மை மேலேயே நின்று காயும். இல்லையென்றால் நார் வழியே ஓடி, எழுத்துக்குக் காலும் கையும் முளைக்கும். நாம் கடையில் கேட்கிற ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பது மட்டும்தான். கஞ்சி எவ்வளவு என்று அட்டையில் யாரும் போடுவதில்லை. என் லாங் சைஸ் நோட்டு தடவினால் கனமாகத்தான் இருந்தது. ஆனால் இங்க் பேனா பட்டதும் பின்பக்கம் வரை ஊறிவிட்டது. காப்பியர் தாள் 80 ஜி.எஸ்.எம்., கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு அரசின் காகித ஆலையான டி.என்.பி.எல். தயாரித்தது. 1984 முதல் அங்கே கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். அதில் எழுத்து கோடு போட்டாற்போல நின்றது. நோட்டு என்ற பெயரில் விற்பதைவிட பிரிண்டர் தாள் எழுதுவதற்கு நன்றாக இருப்பது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

ஐயாவின் பேரேடு தனிக் கதை. பக்கத்தின் நடுவில் இன்றைக்கும் மை அழகாக நிற்கிறது. பழுப்பேறிய ஓரங்களில் எழுதினால் பஞ்சு போல உறிஞ்சுகிறது. அந்தக் காலத்துக் காகிதத்தில் மை பரவாமல் இருக்கப் படிகாரமும் பிசினும் சேர்ப்பார்கள். படிகாரத்தின் அமிலமே நாளடைவில் காகிதத்தை அரிக்கும். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் பத்திரிகைகளும் அவர் மறைவுக்குப் பிறகு 1994-ல் சென்னையில் நூலகமாயின. அங்கே பல நூல்களை மைக்ரோஃபிலிமில் பதிவு செய்ய வேண்டியிருந்ததும் இந்தப் பழுப்புக்குப் பயந்துதான். ஐயா எழுதிய வரிகள் மட்டும் என் சொட்டுத் தண்ணீருக்கு அசையவில்லை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சிய பழக்கம் நம் ஊர்களில் இருந்தது. இரும்பு சேர்ந்த மை எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். பேரேட்டில் இருப்பது அந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன். நான் மொய் நோட்டில் ஊற்றியதோ தண்ணீர் பட்டால் போகிற ராயல் புளூ. பள்ளிச் சட்டையில் பட்டால் அம்மா திட்டக்கூடாது என்பதற்காக வந்த மை அது. அதை வைத்து வரவு எழுதினேன் பாருங்கள்.

சரி, இங்க் பேனாக்கள். என்னிடம் இரண்டு. ஒன்று சீனத்து ஹீரோ, நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும் வகை. மற்றது திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் கையால் கடைந்த எபோனைட் பேனா. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூட்டில் இறுக்கியது எபோனைட். கையில் பிடித்தால் பிளாஸ்டிக்கின் வழுக்கல் கிடையாது, கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். எழுத்தைப் பொறுத்தவரை எபோனைட் பேனாவுக்கு நிகர் இந்த மேசையில் எதுவும் இல்லை. அழுத்தவே வேண்டாம், தாளைத் தொட்டால் போதும். "ழ" போடும்போது வளைவில் மை தடித்து, இறங்கும்போது மெலியும். பத்துப் பக்கம் எழுதினாலும் விரல் வலிக்காது.

ஆனால் சித்திரை வெயில் இருக்கிறதே. எபோனைட் பேனாவில் ஃபில்லரால் நேராக உடம்புக்குள்ளேயே மை ஊற்றுகிறோம். மை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் மேலே காற்று நிரம்பும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து, மையைச் சொட்டாக வெளியே தள்ளும். என் மேசையில் இரண்டு முறை நடந்தது, ஒரு முறை மின்கட்டண ரசீது மேலேயே. மை பாதியானதும் மறுபடி ஊற்றிவிடுவதுதான் வழி. ஹீரோவுக்கு இந்தத் தொல்லை குறைவு. நிப்பை மூடியிருப்பதால் ஃபேன் காற்றில் நுனி சீக்கிரம் காய்வதும் இல்லை. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தினம் நாட்குறிப்பு எழுத ஹீரோ போதும், மனசாட்சியோடு சொல்கிறேன். எபோனைட் ஞாயிற்றுக்கிழமைக்கு.

பால் பாயிண்ட் பக்கம் வெள்ளை உடம்பு, நீல மூடி ரெனால்ட்ஸ் 045. நம்மில் பாதிப் பேர் பரீட்சை எழுதிய பேனா. எண்ணெய் கலந்த பசை மை, அதை உருட்டிக்கொண்டு வரும் குட்டிக் குண்டு. மூன்று தாளிலும் ஒரே மாதிரி எழுதியது, எதிலும் ஊறவில்லை. தண்ணீர்ச் சொட்டை அது கண்டுகொள்ளவே இல்லை. அடியில் கார்பன் வைத்து பில் போட வேண்டும் என்றால் வேறு வழியே கிடையாது, ஜவுளிக்கடைக்காரரைக் கேளுங்கள். குறை என்னவென்றால் அழுத்த வேண்டும். நாலாவது பக்கத்தில் கட்டைவிரல் முனகும். எழுத்தும் எல்லா இடத்திலும் ஒரே தடிமன், உயிரில்லாத கோடு. ஆனால் மொய் எழுதுகிறவனுக்கு உயிர் எதற்கு?

ஜெல் எனக்கு எப்போதும் சந்தேகம். கறுப்பு நன்றாகக் கறுக்கும், வேகமாக ஓடும். சில வகைகளில் மை நிறமியாக, அதாவது தண்ணீரில் கரையாத பொடியாக, இருப்பதால் காய்ந்தபின் தண்ணீரும் ஒன்றும் செய்யாது. யூனிபால் சிக்னோ அப்படித்தான் நின்றது. ஜெல் என்று நினைத்துப் பலர் வாங்கும் பைலட் வி5-ல் இருப்பது தண்ணீர் போன்ற சாய மை, அது என் ராயல் புளூவைப் போலவே ஓடியது. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில்தான் நிற்கும், பார்த்து எடுங்கள். இன்னொன்று, வழவழப்பான கல்யாணப் பத்திரிகை உறையில் ஜெல்லால் பெயர் எழுதினால் கை பட்டு இழுபடும். பேனா ஒரு முறை கீழே விழுந்தாலும் முடிந்தது கதை.

பென்சிலைப் போட்டியிலேயே சேர்த்திருக்க வேண்டாம் என்பீர்கள். ஆனால் தண்ணீருக்கு அசையாத இன்னொன்று அதுதான். கிராஃபைட் கரையாது, வெளுக்காது. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே கிராஃபைட் வெட்டி எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் தீச்செங்கலுக்கும் உலோகம் உருக்கும் மூசைக்கும் போகிறது. நட்ராஜும் அப்சராவும் ஒரே ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் வீட்டுப் பிள்ளைகள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் எனக்கு அப்சராவின் கருப்பு பிடிக்கிறது. காப்பியர் தாள் நம் ஊர்ப் பழைய வீடுகளின் முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர் போல வழுக்குவதால் பென்சில் அதில் வெளிறியது. சொரசொரப்பான லாங் சைஸ் நோட்டில் பிரமாதம். அப்பத்தாவின் மளிகைச் சிட்டை இன்றும் பென்சிலில்தான், மிளகாய் எடை எந்த நேரமும் மாறும் என்பதால். பணக் கணக்குக்கு மட்டும் வேண்டாம், ரப்பர் வைத்திருப்பவன் எல்லாம் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவான்.

இப்போது என் வீட்டில் ஏற்பாடு இப்படி: நாட்குறிப்புக்குக் காப்பியர் தாளைத் தைத்து பைண்டிங், அதில் ஹீரோ. பேங்க் ஃபாரத்துக்கு சிக்னோ. கடைச் சிட்டைக்கு அப்சரா. மொய்க்கு 045, அதுவும் இரண்டு, ஒன்றை யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். லேப்டாப்பில் மொய் அடித்து ரசீது கொடுப்பவர்களும் இப்போது வந்துவிட்டார்கள். எங்கள் சொந்தத்தில் இன்னும் நோட்டுதான்.

தை மாதம் அடுத்த கல்யாணம். மாமா போன வாரமே போன் செய்தார். "நீயே எழுது தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்கு. பேனா நான் கொண்டாந்துர்றேன்."