குளோப் வளிமண்டலப் பயிற்சி: நான்கு வருடம் வகுப்பில் பயன்படுத்திய பிறகு

மன்னார்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் குளோப் திட்டத்தின் இணையவழி ஆசிரியர் பயிற்சியில் வளிமண்டலப் பகுதியை முடித்தேன். பள்ளிப் பிள்ளைகள் மேகம், வெப்பநிலை, மழை போன்றவற்றை அளந்து பதிய 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம் இது. இந்தியா 2000இல் சேர்ந்தது. கட்டணம் கிடையாது. பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், மேக வகைகளுக்குக் கீற்று, திரள், படை, கார்திரள் என்று நம் பாடநூல் பெயர்களைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

எனக்கு அதிகம் உதவியது மேகப் பரப்பை மதிப்பிடும் பயிற்சி. ஒரு நீலத் தாள், அதே அளவில் ஒரு வெள்ளைத் தாள். வெள்ளைத் தாளைப் பத்துப் பாகமாகப் பிரித்து, மூன்று பாகத்தை மட்டும் கன்னாபின்னாவென்று கிழித்து நீலத்தின் மேல் ஒட்ட வேண்டும். எவ்வளவு மூடியிருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் ஐம்பது, அறுபது சதவீதம் என்கிறார்கள். முதல் தடவை நானும் ஐம்பது என்றுதான் நினைத்தேன். சிதறிக் கிடப்பது கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிகிறது. இதைச் செய்த பிறகு, "வானம் பூரா மேகம்" என்று யாரும் சட்டென்று சொல்வதில்லை. நாலு திசையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தை ஒட்டி மேகத்தைப் பதிந்தால், அது பார்த்ததையும் நாம் பார்த்ததையும் ஒப்பிட்டு நாசாவிலிருந்து மின்னஞ்சல் வரும். இரண்டும் பொருந்தாத நாள்தான் நல்ல பாடம். தாழ்ந்த மேகம் மூடியிருந்தால் அதற்கு மேலே இருக்கும் கீற்று மேகம் நமக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். யார் சொன்னது தப்பு என்று கேட்ட பிள்ளைகளுக்கு, இரண்டும் சரிதான் என்று விளக்க ஒரு முழுப் பீரியட் ஆனது.

வெப்பநிலையை உள்ளூர் சூரிய நண்பகலுக்கு ஒரு மணி நேரம் முன்பின்னாக எடுக்கச் சொல்கிறார்கள். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்தது, நாங்கள் அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் எங்கள் நண்பகல் நவம்பரில் பன்னிரண்டை ஒட்டியும், பிப்ரவரியில் பன்னிரண்டரையை ஒட்டியும் வருகிறது. சாப்பாட்டு மணிக்கு இது தோதாக அமைந்துவிட்டது. ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "மிஸ், மணி இப்பதான் பன்னிரண்டரை. அதுக்குள்ள இன்னைக்கு அதிகபட்சம் எப்படி வந்துச்சு?" வெப்பநிலை பெரும்பாலும் இரண்டு, மூன்று மணிக்குத்தான் உச்சத்துக்குப் போகும். நேற்று அளவு எடுத்த பிறகு ஏறிய உச்சத்தை வெப்பமானி அப்படியே பிடித்து வைத்திருக்கும். அப்படியென்றால் அது காட்டுவது நேற்றுப் பிற்பகலின் உச்சம். பயிற்சியில் படித்திருந்தும், அவள் கேட்ட பிறகுதான் எனக்கே முழுசாகப் பிடிபட்டது.

வெப்பமானி வைக்கும் கருவிப் பெட்டியின் கதவு வடக்கே பார்த்து இருக்க வேண்டும், திறக்கும்போது வெயில் விழக்கூடாது. சரி, ஆனால் எங்கள் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே அல்லவா இருக்கிறது! அந்த மாதங்களில் ஒரு பிள்ளை அட்டையைப் பிடித்து மறைக்க, இன்னொரு பிள்ளை அளவு எடுக்கும். நம் பக்கத்து ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இதில் கிடைக்காததும் உண்டு. அளக்கும் முறைகள்தான் இதன் மையம். ஓசோன் ஓட்டை வழியாக வெப்பம் இறங்கித்தான் பூமி சூடாகிறது என்று நம்பும் பிள்ளைக்கு, பசுமை இல்ல விளைவு வேறு, ஓசோன் சிதைவு வேறு என்று புரியவைக்க நான் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் என்னிடம் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் ஒரு கொளுத்தும் நாளைக் காட்டி "இதுதான் காலநிலை மாற்றம்" என்று வகுப்பில் சொல்லிவிடுவேன். காலநிலைக்கு முப்பது வருட சராசரி வேண்டும். எங்களிடம் இருப்பது நான்கு வருட நோட்டு, அதிலும் கோடை விடுமுறைப் பக்கங்கள் காலி.

புதிதாகத் தொடங்குபவர்கள் மேகத்தில் தொடங்குங்கள், கருவியே வேண்டாம். அப்புறம் மழைமானி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் பள்ளிக் கூரை ஏறக்குறைய 200 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்த ஒரு ஐப்பசி நாளில் அதில் விழுந்தது 10,000 லிட்டர். கணக்குப் போட்டு முடித்ததும், அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று பார்க்கப் பிள்ளைகள் பின்பக்க வாய்க்கால் வரை நடந்து போய்விட்டு வந்தார்கள்.