ஃபாக் லைட் மாட்டப் போறீங்களா? ஃபியூஸைப் பார்க்காமல் பில் கட்டாதீங்க

பைக்கில் ஃபாக் லைட், யூஎஸ்பி சார்ஜர், கூடுதல் ஹார்ன் என்று எதை மாட்டினாலும், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் ஒயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். என் வண்டி எரியாமல் தப்பியது பெரிய விஷயம்.

இரண்டு 20 வாட் எல்இடி ஃபாக் லைட், கூடவே ஒரு சார்ஜர். ஊரில் கூட்டம் அலைமோதும் ஆக்சஸரீஸ் கடை. பில்லில் ‘ரிலே ஒயரிங் கிட்’ என்று தனியாகக் காசு போட்டிருந்தார்கள். ரிலே என்பது சுவிட்சின் சின்ன கரண்ட்டில் லைட்டின் பெரிய கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் சின்ன டப்பா. அந்தக் கிட்டில் ஃபியூஸ் ஹோல்டர் சேர்ந்தேதான் வரும்.

மழை ராத்திரி. திண்டிவனம் தாண்டி யூ-டர்ன் எடுக்க ஹேண்டிலை முழுசாகத் திருப்பினேன், லைட் அணைந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம், உடனே டேங்க் இடுக்கிலிருந்து புகை. சாவியை ஆஃப் செய்தும் நிற்கவில்லை. சீட்டைத் திறந்து பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது.

மறுநாள் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் டேங்கை இறக்கினார். சிவப்பு ஒயரின் தோல் உருகி, கம்பெனி ஒயரிங்கோடு ஒட்டிக் கிடந்தது. ஹோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் முனைகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். கிட்டோடு வந்ததை வேண்டுமென்றே வெட்டி எடுத்திருக்கிறார்கள்! ரிலே ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருந்தது. அதுவரை போகும் ஒயர், ஹேண்டில் திரும்பும் இடத்தில் உரசி உரசித் தோல் கிழிந்து ஃபிரேமைத் தொட்டுவிட்டது. ஃபிரேம்தான் பேட்டரியின் மைனஸ், அதனால் ஷார்ட். பேட்டரியிலிருந்து நேராக எடுத்த லைனை வண்டியின் சொந்த ஃபியூஸ் காப்பாற்றாது. சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சின்ன பேட்டரிதானே என்று நினைக்காதீர்கள், ஷார்ட் ஆனால் 100 ஆம்பியருக்கு மேல் கொட்டும்.

கடையில் கேட்டதற்கு, “ஃபியூஸ் போட்டா வெளிச்சம் கம்மியாயிடும் சார், அதான் எடுத்துட்டோம்” என்றார்கள். சுத்தப் பொய். சரியான ஃபியூஸில் வோல்டேஜ் குறைவது கண்ணுக்கே தெரியாது. அதைவிடக் கொடுமை அடுத்தது: கடைக்காரர் பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை எடுத்து, “ஹெவி சார், இனிமே போகவே போகாது, ஃப்ரீயா போட்டுத் தர்றேன்” என்றார். ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது ஒயரை. அந்த மெல்லிசு ஒயர் கொதித்து உருகிய பிறகும் 30 ஆம்பியர் ஃபியூஸ் முழுசாக நிற்கலாம். 40 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். சார்ஜருக்குத் தனியாக 3 ஆம்பியர் போதும்.

சர்வீஸ் சென்டரில், வெளியே ஒயரை வெட்டி ஜாயின்ட் அடித்ததால் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முழு ஒயரிங் செலவும் என் தலையில். கடைக்காரர் பணம் தர மறுத்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில்லும், உருகிய ஒயரின் போட்டோக்களும் கையில் இருக்கின்றன.

நீங்கள் மாட்டும்போது ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். லைட் பக்கம் போட்டால் நடுவில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. மழைக்கு ரப்பர் மூடி வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஒயர் இழுக்கிறதா, உரசுகிறதா என்று கைவைத்துப் பாருங்கள். கடைசியாக, லைட்டைப் போட்டுவிட்டு ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லுங்கள். லைட் அணையவில்லை என்றால் பில் கட்டாதீர்கள்.